மார்பகப் பெருக்கச் சிகிச்சை: உள்வைப்பின் அளவு தீர்மானிக்கப்படுவது எப்படி?

புது தில்லி: மார்பகப் பெருக்க அறுவைச் சிகிச்சையை நாடும் பெண், மருத்துவரின் ஆலோசனை அறையில் பல முடிவுகளை எடுக்க வேண்டியுள்ளது. உள்வைப்பில் நிரப்பப்படும் பொருள் எது, தழும்பு எங்கே அமையும், செலவு எவ்வளவு ஆகும் என்பன அவற்றுள் சில. ஆயினும், அவர் மனத்தில் முதலில் எழுவதும், சிகிச்சைக்குப் பின் நெடுநாள் உடன் வருவதும் அளவு பற்றிய கேள்விதான்.

அளவில் நேரும் பிழையைத் திருத்த மற்றோர் அறுவைச் சிகிச்சை தவிர வேறு வழியில்லை. அமெரிக்காவில் உள்வைப்பு உற்பத்தி நிறுவனங்கள் நடத்திய நெடுங்கால ஆய்வுகளில், மறு அறுவைச் சிகிச்சைக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்றாக, அளவையோ வகையையோ மாற்றிக்கொள்ளும் விருப்பம் பதிவாகியுள்ளது. மருத்துவச் சிக்கல் ஏதும் இல்லாத நிலையிலும், தேர்வு பொருந்தாத ஒரே காரணத்தால் சிலர் மீண்டும் மயக்க மருந்துக்கும் அறுவைக்கும் உட்பட நேர்கிறது.

அழகியல் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கத்தின் அண்மை ஆண்டுக் கணக்கெடுப்புகளின்படி, உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 20 லட்சம் மார்பகப் பெருக்கச் சிகிச்சைகள் நடைபெறுகின்றன. இந்தியாவின் பெருநகரங்களிலும் இச்சிகிச்சை பரவலாகக் கிடைக்கிறது. உள்வைப்பின் அளவு எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது, தேர்வுக்கு முன் அறிய வேண்டியவை எவை என்பதைக் காண்போம்.

சி.சி. கணக்கும் கப் கணக்கும்

இம்பிளாண்ட் எனப்படும் மார்பக உள்வைப்பு, சிலிக்கோன் உறைக்குள் சிலிக்கோன் கூழோ உப்புநீரோ நிரப்பப்பட்ட மருத்துவக் கருவியாகும். இதன் அளவு சி.சி. எனப்படும் கன சென்டிமீட்டரில் குறிக்கப்படுகிறது. ஒரு சி.சி. என்பது ஒரு மில்லிலிட்டருக்குச் சமம். பெருக்கச் சிகிச்சையில் 200 முதல் 400 சி.சி. வரையிலான உள்வைப்புகளே மிகுதியாகப் பயன்படுகின்றன. அதற்குச் சிறியனவும் பெரியனவும் சந்தையில் உள்ளன.

சிலிக்கோன் கூழின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு நெருக்கமானது. ஆகவே, 300 சி.சி. உள்வைப்பு ஒன்று ஏறத்தாழ 300 கிராம் எடை கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் அரைக் கிலோவைத் தாண்டும். அந்த எடையைத் தோலும் திசுவும் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும்.

ஆலோசனைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் சி.சி. கணக்கில் யோசிப்பதில்லை. ‘பி கப்பிலிருந்து சி கப்புக்கு’ என்றே தம் விருப்பத்தைத் தெரிவிக்கின்றனர். ஆனால், கப் எழுத்து நிலையான அலகு அன்று. மார்பின் கீழ்ச் சுற்றளவு மாறும்போது அதே எழுத்தின் கொள்ளளவும் மாறுகிறது. 32 டி, 34 சி, 36 பி ஆகிய மூன்று பிராக்களின் கப் கொள்ளளவும் ஏறத்தாழ ஒன்றே. நிறுவனத்துக்கு நிறுவனமும் அளவு வேறுபடும்; ஒரே பெண் ஒரு கடையில் பி அளவும் மற்றொரு கடையில் சி அளவும் வாங்கி வருவது இயல்பு.

ஒரு கப் உயர்வதற்கு 150 முதல் 200 சி.சி. வரை தேவைப்படும் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கும் தோராயமானதே. மெலிந்த உடலில் சிறிய உள்வைப்பே கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத் தரும். அகன்ற மார்புக்கூடு உடையவரிடம் அதே உள்வைப்பு பெரிய மாற்றத்தைக் காட்டாது. எனவே, அனுபவமிக்க மருத்துவர்கள் குறிப்பிட்ட கப் அளவு கிடைக்கும் என்று உறுதியளிப்பதில்லை. தோழிக்கு வைக்கப்பட்ட சி.சி. எண்ணைக் கேட்டு வந்து, அதையே தனக்கும் கோருவதில் பயனில்லாமல் போவதும் இதனால்தான்.

அளவுநாடா கூறும் எல்லை

உள்வைப்பின் அளவை விருப்பத்திலிருந்து தொடங்காமல் உடலின் அளவிலிருந்து தொடங்க வேண்டும் என்ற அணுகுமுறை கடந்த கால் நூற்றாண்டில் வலுப்பெற்றது. அமெரிக்காவின் டாலஸ் நகரைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜான் டெபெட்ஸ், வில்லியம் ஆடம்ஸுடன் இணைந்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹை ஃபைவ்’ என்ற முறை இதில் குறிப்பிடத்தக்கது. ஒரு சில அளவீடுகளைக் கொண்டு ஐந்து முக்கிய முடிவுகளை வரிசையாக எடுப்பதற்கு அது வழிகாட்டுகிறது. உள்வைப்பை எந்த அடுக்கில் வைப்பது, கொள்ளளவு எவ்வளவு, வகை எது, மார்பகத்தின் கீழ்மடிப்பு எங்கே அமைய வேண்டும், கீறல் எங்கே இடுவது என்பனவே அந்த ஐந்தும்.

மருத்துவர் அளவுநாடாவும் காலிப்பரும் கொண்டு எடுக்கும் அளவீடுகள் பொதுவாகப் பின்வருமாறு அமைகின்றன.

அடித்தள அகலம்: மார்பகம் மார்புக்கூட்டில் பொருந்தியிருக்கும் பகுதியின் உள்விளிம்பு முதல் வெளிவிளிம்பு வரையிலான தொலைவு இது. அளவீடுகளுள் இதுவே தலையாயது. உள்வைப்பின் விட்டம் இந்த அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பது பொது விதி.

தோலின் நெகிழ்வு: கருவட்டத்தின் விளிம்பருகே தோலை மென்மையாக முன்னோக்கி இழுத்து, அது எவ்வளவு நீள்கிறது என்று பார்க்கப்படுகிறது. 2 செ.மீ.க்கும் குறைவாக நீளும் இறுக்கமான தோல், பெரிய உள்வைப்புக்கு இடம் தராது.

கிள்ளுத் தடிமன்: மார்பகத்தின் மேற்பகுதியில் தோலையும் அடியிலுள்ள கொழுப்புத் திசுவையும் விரல்களால் பிடித்து, அதன் தடிமன் அளக்கப்படுகிறது. உள்வைப்பை மறைக்கப் போதிய திசு உள்ளதா என்பதை இது காட்டும்.

காம்பு முதல் கீழ்மடிப்பு வரை: தோலை நன்கு இழுத்த நிலையில் இத்தொலைவு அளக்கப்படுகிறது. மார்பகத்தின் கீழ்ப்பகுதி எவ்வளவு கொள்ளும் என்பதை இதிலிருந்து மதிப்பிடலாம்.

கழுத்தடிக் குழி முதல் காம்பு வரை: இரு பக்கங்களிலும் இதை அளந்தால், மார்பகம் எந்த அளவு தாழ்ந்துள்ளது என்பதும் இரு பக்க வேறுபாடும் தெரியவரும்.

டெபெட்ஸ் முறையில், அடித்தள அகலம் 11 செ.மீ. உள்ளவருக்கு ஏறத்தாழ 250 சி.சி.யும், 13 செ.மீ. உள்ளவருக்கு ஏறத்தாழ 325 சி.சி.யும் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுகின்றன. தோல் இறுக்கமாக இருந்தால் அதிலிருந்து சிறிது குறைக்கப்படும். தளர்ந்திருந்தால் சிறிது கூட்டப்படும். எல்லா மருத்துவர்களும் இதே அட்டவணையைப் பின்பற்றுவதில்லை. ஆயினும், உடல் தாங்கும் எல்லையை முதலில் கண்டறிந்து, அந்த எல்லைக்குள் விருப்பத்துக்கு இடமளிக்க வேண்டும் என்ற கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

ஒரே கொள்ளளவு, வெவ்வேறு தோற்றம்

கொள்ளளவு ஒன்றே ஆயினும் உள்வைப்பின் தோற்றம் ஒன்றாக இருப்பதில்லை. ‘புரொஃபைல்’ எனப்படும் முன்னெழுச்சி இதற்குக் காரணம். 300 சி.சி. கூழைத் தட்டையாகவும் அகலமாகவும் அமைக்கலாம். குறுகலாகவும் உயரமாகவும் அமைக்கலாம். முன்னது குறைந்த அல்லது மிதமான புரொஃபைல் என்றும், பின்னது உயர் புரொஃபைல் என்றும் அழைக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, அடித்தள அகலம் 11 செ.மீ. உள்ள பெண்ணுக்கும் 13.5 செ.மீ. உள்ள பெண்ணுக்கும் ஒரே 300 சி.சி. வைப்பதாகக் கொள்வோம். முதலாமவருக்கு அது உயர் புரொஃபைல் வகையாக இருந்தால்தான் அகலத்துக்குள் அடங்கும். முன்னெழுச்சியும் தெளிவாகத் தெரியும். இரண்டாமவருக்கு மிதமான புரொஃபைலே பொருந்தும். மாற்றம் அடக்கமாகத் தோன்றும். குறுகிய மார்பில் அகன்ற உள்வைப்பை வைத்தால் அதன் விளிம்பு அக்குள் பக்கம் துருத்தும், அல்லது நடுவில் இரு மார்பகங்களும் நெருங்கிவிடும். அகன்ற மார்பில் குறுகிய உள்வைப்பை வைத்தால் நடுவே இடைவெளி மிகும்.

வடிவத்திலும் இரு வகைகள் உண்டு. வட்ட வடிவ உள்வைப்பு திரும்பினாலும் தோற்றம் மாறாது. நீர்த்துளி வடிவ உள்வைப்பு கீழ்ப்பகுதியில் பருமன் மிக்கது. இடத்தில் சுழன்றுவிட்டால் வடிவம் கெடும். அது நகராமல் பற்றி நிற்பதற்காக மேற்பரப்பு சொரசொரப்பாக அமைக்கப்படுவது வழக்கம். அந்தச் சொரசொரப்பே பின்னாளில் ஒரு பெரும் எச்சரிக்கைக்குக் காரணமாயிற்று; அது குறித்துக் கீழே காணலாம்.

தசைக்கு மேலா, கீழா?

உள்வைப்பு எந்த அடுக்கில் வைக்கப்படுகிறது என்பதும் அளவுத் தேர்வோடு தொடர்புடையது. மார்பகச் சுரப்பிக்குக் கீழே, மார்புத் தசைக்கு மேலே வைப்பது ஒரு முறை. தசைக்கு அடியில் வைப்பது மற்றொரு முறை. மேற்பகுதி தசைக்கு அடியிலும் கீழ்ப்பகுதி சுரப்பிக்கு அடியிலும் அமையும்படி வைக்கும் ‘இரட்டை அடுக்கு’ முறையும் பரவலாகக் கையாளப்படுகிறது.

கிள்ளுத் தடிமன் 2 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால், உள்வைப்பின் மேல்விளிம்பு வெளியே தெரியாதிருக்கத் தசையின் மறைப்பு தேவைப்படும் என்பது பொதுவான வழிகாட்டுதல். மெலிந்த உடல்வாகு கொண்ட பெண்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். தசைக்கு அடியில் வைக்கும்போது தொடக்க வாரங்களில் வலி சற்று அதிகம். தசையை இறுக்கும்போது உள்வைப்பு அசைவதும் சிலருக்கு உண்டு. உடற்பயிற்சியிலோ விளையாட்டிலோ தீவிரமாக ஈடுபடுவோர் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

எல்லை மீறினால் நேர்வது

‘வைப்பதே வைக்கிறோம், சற்றுப் பெரிதாகவே வைத்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் இயல்பாக எழக்கூடியது. சிகிச்சை முடிந்த ஓராண்டில், இன்னும் சிறிது பெரிதாக வைத்திருக்கலாமே என்று கருதுவோரும் உள்ளனர். ஆனால், திசுவின் தாங்குதிறனை மீறிய உள்வைப்பின் விளைவுகள் ஓராண்டில் முடிந்துவிடுவதில்லை.

பெரிய உள்வைப்பின் எடையால் தோல் நீண்டு மெலிகிறது. சுரப்பித் திசு நசுங்கிக் குறைகிறது. உள்வைப்பின் விளிம்பு கைக்குத் தட்டுப்படலாம். மேற்பரப்பில் அலை போன்ற மடிப்புகள் தோன்றலாம். கீழ்மடிப்பைத் தாண்டி உள்வைப்பு இறங்கிவிடுவதும், நடுவெலும்பின் மேல் இரு பக்கங்களும் ஒட்டினாற்போல் ஆகிவிடுவதும் திருத்துவதற்குக் கடினமான சிக்கல்கள். காம்பின் உணர்ச்சி குறைவதற்கான வாய்ப்பும் அளவு பெருகப் பெருகக் கூடுகிறது. கழுத்து, தோள், முதுகு வலியும் சேரலாம்.

மெலிந்த திசு பின்னர் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. உள்வைப்பை அகற்றினாலோ சிறியதாக மாற்றினாலோ தொய்ந்த தோலைச் சீராக்கத் தூக்கி அமைக்கும் அறுவையும் தேவைப்படலாம். சற்றுச் சிறிய உள்வைப்பால் வரும் ஏமாற்றத்தைக் காட்டிலும், மிகப் பெரிய உள்வைப்பால் வரும் சேதம் திருத்துவதற்கு அரிது.

அளவைப் பொறுத்து மாறாத சிக்கல்களும் உண்டு. உள்வைப்பைச் சுற்றி உடல் உருவாக்கும் தழும்புத் திசு இறுகி, மார்பகம் கெட்டியாகி வலிப்பது அவற்றுள் முதன்மையானது. தொற்று, இரத்தக்கட்டு, உறை கிழிதல் ஆகியனவும் நேரலாம்.

முன்கூட்டிப் பார்க்கும் வழிகள்

அளவீடுகள் ஒரு வரம்பைத் தரும். அந்த வரம்புக்குள் எது தனக்கு ஏற்றது என்பதைப் பெண்ணே தேர்ந்தெடுக்க உதவும் வழிகள் சில உள்ளன.

முதலாவது, ‘சைசர்’ எனப்படும் மாதிரிகள். தையல் இல்லாத மென்மையான பிராவுக்குள் பல அளவு மாதிரிகளை வைத்து, அதன் மேல் இறுக்கமான மேலாடை அணிந்து கண்ணாடியில் பார்க்கலாம். அன்றாடம் உடுத்தும் சேலை, சுடிதார், அலுவலக உடை ஆகியவற்றை உடன் எடுத்துச் சென்று அணிந்து பார்ப்பது தெளிவு தரும். சில நிமிடங்கள் நின்று பார்ப்பதோடு நில்லாமல், குனிந்தும் நடந்தும் மாடிப்படி ஏறியும் பார்ப்பது நன்று.

இரண்டாவது, வீட்டிலேயே செய்யக்கூடிய அரிசிச் சோதனை. மில்லிலிட்டர் குறியிட்ட அளவுக்குவளையில் 250 அல்லது 300 மில்லி அரிசியை அளந்து, மெல்லிய காலுறையிலோ சிறு பையிலோ கட்டி, பிராவுக்குள் வைத்துக்கொண்டு ஓரிரு நாள் வீட்டு வேலைகளைச் செய்து பார்க்கலாம். எடையும் பருமனும் உடலுக்கு எப்படிப் படுகின்றன என்பது ஓரளவு புரியும். எனினும், பிராவுக்குள் வெளியே இருக்கும் பொருள் காட்டும் தோற்றமும், திசுவுக்கு அடியில் அழுந்தியிருக்கும் உள்வைப்பு தரும் தோற்றமும் ஒன்றாக இரா. தசைக்கு அடியில் வைக்கும்போது முன்னெழுச்சி சற்றுக் குறைந்தே தோன்றும்.

மூன்றாவது, முப்பரிமாணப் படமெடுப்பு. வெக்ட்ரா, கிரிசாலிக்ஸ் போன்ற தொழில்நுட்பங்கள் உடலின் படத்தின் மேல் பல்வேறு உள்வைப்புகளின் விளைவைக் கணினியில் காட்டுகின்றன. மருத்துவரும் பெண்ணும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச இது உதவும். ஆயினும், திரையில் தெரிவது கணிப்பே; அறுவைக்குப் பின் வரும் தோற்றத்துக்கான உத்தரவாதம் ஆகாது.

நான்காவது, மருத்துவர் முன்பு சிகிச்சையளித்தவர்களின் ஒப்புதலோடு காட்டும் முன்-பின் படங்கள். இவற்றில் தன்னை ஒத்த உயரம், எடை, மார்பகல அமைப்பு உள்ளவரின் படத்தைப் பார்ப்பதே பயன் தரும். ‘இயற்கையாகத் தெரிய வேண்டும்’ என்று ஒருவர் சொல்வதும், மற்றொருவர் அதை விளங்கிக்கொள்வதும் வேறுபடக்கூடும். பிடித்த படங்களைப் போலவே பிடிக்காத படங்களையும் காட்டிப் பேசினால் கருத்து வேறுபாடு குறையும்.

அறுவைக் கூடத்தில் தற்காலிக சைசரை உள்ளே வைத்து, நோயாளியை உட்காரும் நிலைக்கு உயர்த்திப் பார்த்த பின் இறுதி அளவை உறுதி செய்யும் மருத்துவர்களும் உள்ளனர். மயக்கத்தில் இருக்கும்போது எடுக்கப்படும் இம்முடிவின் வரம்பு எதுவரை என்பதை முன்னதாகவே பேசி, ஒப்புதல் படிவத்தில் எழுதிவிட வேண்டும்.

உள்வைப்பு மட்டும் போதாத நிலை

மார்பகம் தாழ்ந்து, காம்பு கீழ்மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால், உள்வைப்பு மட்டும் அதை உயர்த்தாது. தொய்வை நிரப்புவதற்காக மேலும் பெரிய உள்வைப்பை வைத்தால், கூடுதல் எடையால் தொய்வு விரைந்து அதிகரிக்கும். இத்தகையோருக்குத் தூக்கி அமைக்கும் அறுவை தனியாகவோ உள்வைப்போடு சேர்த்தோ பரிந்துரைக்கப்படுகிறது.

பெரும்பாலான பெண்களுக்கு இரு மார்பகங்களும் சற்றே வேறுபட்டிருக்கும். விலா எலும்பின் அமைப்பிலோ முதுகெலும்பின் வளைவிலோ வேறுபாடு இருப்பதும் உண்டு. இரு பக்கமும் வெவ்வேறு அளவு உள்வைப்புகளை வைத்து இதைக் குறைக்கலாம். முற்றிலும் சமமாக்குவது அரிது. அறுவைக்கு முன் கவனிக்கப்படாத வேறுபாடு, மார்பகம் பெரிதான பின் கண்ணில் படுவதும் உண்டு. அளவீட்டின்போதே இதை மருத்துவர் சுட்டிக்காட்ட வேண்டும்.

கருவுறுதலும் தாய்ப்பால் ஊட்டுதலும் உடல் எடை மாற்றமும் மார்பகத்தின் அளவை மாற்றக்கூடியவை. விரைவில் குழந்தை பெற எண்ணுவோரும், எடையைக் கணிசமாகக் குறைக்கும் முயற்சியில் இருப்போரும் சிகிச்சையைத் தள்ளிவைப்பது நன்று. உள்வைப்புடன் பல பெண்கள் தாய்ப்பால் ஊட்டுகின்றனர். ஆயினும், கருவட்டத்தைச் சுற்றிக் கீறல் இடும் முறையில் பால் நாளங்கள் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுதல் என்பதால், கீறலின் இடத்தை முடிவு செய்யும்போது இதையும் கருத வேண்டும்.

மிகச் சிறிய மாற்றத்தை மட்டும் விரும்புவோருக்கு, வயிறு அல்லது தொடையிலிருந்து எடுத்த சொந்தக் கொழுப்பை மார்பகத்தில் செலுத்தும் முறையும் உண்டு. செலுத்தப்பட்ட கொழுப்பில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிவிடும் என்பதால் பெரிய அளவு மாற்றத்துக்கு அது ஏற்றதன்று.

யாருடைய விருப்பம்?

அளவுத் தேர்வில் உடலளவுக்கு நிகராக மருத்துவர் கவனிக்க வேண்டியது, அந்த விருப்பம் யாருடையது என்பது. ஆலோசனை அறைக்குக் கணவரோ தோழியோ உடன் வருவது துணையாக அமையும். ஆனால், எண்ணைச் சொல்பவர் உடன் வந்தவராக இருந்தால் அது எச்சரிக்கைக் குறி. திருமண நாளை முன்னிட்டோ, பிறரின் கேலிக்கு விடையாகவோ, உறவைக் காப்பாற்றும் நம்பிக்கையிலோ அவசரமாக எடுக்கப்படும் முடிவு பின்னர் வருத்தத்தில் முடியக்கூடும்.

இல்லாத குறையைப் பெரிதாகக் கருதி ஓயாமல் வருந்தும் உடற்தோற்ற மனக்கோளாறு உள்ளவர்களுக்கு எந்த அளவும் நிறைவு தராது. அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது மனநல ஆலோசனை. பொறுப்புள்ள மருத்துவர் தனிமையில் பேசி இதை அறிய முயல்வார். தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்றும் சொல்வார்.

வயதும் முக்கியம். அமெரிக்காவில் அழகியல் நோக்கிலான பெருக்கச் சிகிச்சைக்கு, உப்புநீர் உள்வைப்புகள் 18 வயது நிறைந்தவர்களுக்கும் சிலிக்கோன் கூழ் உள்வைப்புகள் 22 வயது நிறைந்தவர்களுக்கும் மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளன.

வரலாறு தரும் பாடம்

சிலிக்கோன் உள்வைப்பு முதன்முதலில் 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ ஆகிய மருத்துவர்களால் டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற பெண்ணுக்கு வைக்கப்பட்டது. பாதுகாப்பு குறித்த ஐயங்களால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1992-ஆம் ஆண்டில் சிலிக்கோன் கூழ் உள்வைப்புகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. நிபந்தனைகளுடன் 2006-ஆம் ஆண்டில் மீண்டும் ஒப்புதல் அளிக்கப்பட்டது.

பிரான்சின் பாலி இம்பிளாண்ட் புரோதேஸ் நிறுவனம் மருத்துவத் தரமற்ற தொழிற்துறைச் சிலிக்கோனைப் பயன்படுத்தியது 2010-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதன் நிறுவனர் ஜான்-குளோட் மாஸுக்கு 2013-ஆம் ஆண்டில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பல நாடுகளில் பெண்கள் உள்வைப்புகளை அகற்றிக்கொள்ள நேர்ந்தது.

சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட உள்வைப்புகளுக்கும், நோய் எதிர்ப்பு மண்டலத்தில் தோன்றும் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட்டதைத் தொடர்ந்து, 2019-ஆம் ஆண்டு ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை உள்வைப்புகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பக்க மார்பகம் திடீரென வீங்கினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும் என்ற அறிவுரை இதிலிருந்து பிறந்தது.

2021-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நிர்வாகம் மேலும் ஒரு படி சென்றது. உள்வைப்புகளின் மீது கட்டமிட்ட எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்றும், சிகிச்சைக்கு முன் பெண்ணும் மருத்துவரும் ஓர் ஆபத்துப் பட்டியலை வாசித்துக் கையொப்பமிட வேண்டும் என்றும் விதித்தது. உள்வைப்புகள் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் கருவிகள் அல்ல என்பது அந்த எச்சரிக்கையின் முதன்மையான செய்தி. பெருக்கச் சிகிச்சை பெற்றவர்களில் 20 விழுக்காட்டினர் வரை 8 முதல் 10 ஆண்டுகளுக்குள் உள்வைப்பை அகற்ற நேரலாம் என்று அந்நிர்வாகம் தெரிவித்துள்ளது. எனவே, இன்று தேர்ந்தெடுக்கப்படும் அளவு, அடுத்த அறுவையின்போது மிஞ்சியிருக்கும் தோலையும் திசுவையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

இந்தியாவில் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் மருத்துவக் கருவிகள் ‘மருத்துவக் கருவிகள் விதிகள், 2017’ என்பதன் கீழ், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பால் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. உரிமம் பெற்று இறக்குமதி செய்யப்பட்ட உள்வைப்பா என்பதை மருத்துவமனையில் கேட்டறிவது பெண்ணின் உரிமை.

பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சையில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியத் தகுதி பெற்றவரிடமே இச்சிகிச்சையைச் செய்துகொள்ள வேண்டும். ‘காஸ்மெட்டிக் நிபுணர்’ என்ற பெயர்ப்பலகை மட்டும் தகுதிக்குச் சான்றாகாது. மருத்துவரின் பதிவு விவரத்தைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ மாநில மருத்துவக் கவுன்சிலிலோ சரிபார்க்கலாம்.

அழகியல் நோக்கிலான அறுவைச் சிகிச்சையை மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பொதுவாக ஏற்பதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யப்படும் மறுசீரமைப்புக்கு விலக்கு உண்டு. மருத்துவச் சேவைக்கான ஜிஎஸ்டி விலக்கும் அழகியல் சிகிச்சைக்குப் பொருந்தாது. பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பைச் சீரமைக்கும் சிகிச்சைக்கு மட்டும் விலக்கு நீடிக்கிறது. எதிர்காலப் பரிசோதனைக்கும் மறு அறுவைக்கும் ஆகக்கூடிய செலவையும் முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புச் சிகிச்சைகளைக் கட்டணமின்றி அளிக்கும் சேவை தொடங்கப்பட்டது. ஏழைப் பெண்களுக்கும் இது எட்ட வேண்டும் என்ற கருத்தும், பொது நிதியை இதற்குச் செலவிடலாமா என்ற கேள்வியும் அப்போது ஒருங்கே எழுந்தன.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

• என் அடித்தள அகலம், தோலின் நெகிழ்வு, கிள்ளுத் தடிமன் எவ்வளவு? அவற்றின்படி எனக்குப் பாதுகாப்பான குறைந்த அளவு எது, கூடிய அளவு எது?
• பரிந்துரைக்கப்படும் உள்வைப்பின் விட்டம், முன்னெழுச்சி, மேற்பரப்பு வகை என்ன?
• எந்த அடுக்கில் வைக்கப்படும்? கீறல் எங்கே?
• இரு பக்கமும் வேறுபாடு உள்ளதா? அது எந்த அளவு சரியாகும்?
• பத்து ஆண்டுகளில் இதே உள்வைப்போடு என் மார்பகம் எவ்வாறு மாறக்கூடும்?
• அளவு பொருந்தவில்லை என்றால் மாற்றுவதற்கான செலவை யார் ஏற்பது?
• உள்வைப்பின் நிறுவனப் பெயர், மாதிரி, வரிசை எண் அடங்கிய அட்டை எனக்குத் தரப்படுமா?

இக்கேள்விகளுக்கு அவசரமின்றி விடையளிக்கும் மருத்துவரைத் தேர்வதும், ஒரே ஆலோசனையில் முடிவு செய்யாமல் இரண்டாவது முறை சந்திப்பதும், தேவையானால் வேறொரு நிபுணரின் கருத்தைப் பெறுவதும் நல்லது. முன்பணத் தள்ளுபடிக்காக நாள் குறிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்

அறுவை முடிந்த முதல் வாரங்களில் வீக்கத்தால் மார்பகம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவும் உயர்ந்தும் இறுகியும் தோன்றும். வீக்கம் வடிந்து, தசை தளர்ந்து, உள்வைப்பு தன் இடத்தில் அமர 3 முதல் 6 மாதங்கள் ஆகும். புதிய பிராக்களை வாங்குவதையும், அளவு குறித்த இறுதி மதிப்பீட்டையும் அதுவரை ஒத்திப்போடுவது நன்று.

சிலிக்கோன் கூழ் உள்வைப்பின் உறை கிழிந்தாலும் வெளியே அறிகுறி தெரியாமல் போகலாம். இதனால், சிகிச்சை முடிந்த 5 முதல் 6 ஆண்டுகளில் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனையும், அதன்பின் 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனையும் செய்துகொள்ள அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் எடுக்கச் செல்லும்போது உள்வைப்பு இருப்பதைத் தொழில்நுட்பரிடம் முன்னதாகக் கூற வேண்டும். உள்வைப்பைப் பின்னுக்கு ஒதுக்கித் திசுவைத் தனியே படமெடுக்கும் முறை அதற்கென உள்ளது.

வரிசை எண் அடங்கிய உள்வைப்பு அட்டையையும், அறுவைச் சிகிச்சைக் குறிப்பின் நகலையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட மாதிரி ஒன்று சந்தையிலிருந்து திரும்பப் பெறப்படும் நாளில், தன் உடலில் உள்ளது அதுதானா என்பதை ஒரு பெண் உறுதியாக அறிந்துகொள்ள அந்தத் தாள்களே உதவும்.